மின்கட்டணம் யார் கணக்கில்? பட்ஜெட் மென்பொருளில் தரவை ஒழுங்குசெய்தலும் பொதுச் செலவைப் பங்கிடுதலும்

ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கான பட்ஜெட்டைப் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் போடுகிறோம். மென்பொருள் எதுவாகவும் இருக்கலாம்: இன்று ஐ.பி.எம். பிளானிங் அனலிடிக்ஸ் என்ற பெயரில் விற்கப்படும் டி.எம்.1, 2007இல் ஹைப்பீரியனோடு சேர்ந்து ஆரக்கிள் கைக்குப் போன எஸ்பேஸ், அனாபிளான், இல்லையென்றால் வெறும் எக்செல். பட்ஜெட் கூட்டத்தில் எழும் கேள்வி மட்டும் மாறுவதில்லை. தையல் பிரிவின் தலைவர் தாளைப் புரட்டிவிட்டு, "சார், என் பிரிவுக்கு இவ்வளவு கரண்ட் செலவா? இது எப்படி வந்துச்சு?" என்பார். அந்த இடத்திலேயே பதில் சொல்ல முடிந்தால் அவர் பட்ஜெட்டை ஏற்றுக்கொள்வார். "சிஸ்டம் போட்டது" என்று சொன்னால், ஆண்டு முழுவதும் அவர் அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

பங்கீடு மெதுவாக ஓடுவதும், பங்கிட்ட எண்ணை யாரும் நம்பாமல் போவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள். விகிதங்கள் சூத்திரங்களுக்குள் புதைந்து கிடக்கின்றன. விவரம் தேவைக்கு மீறி விரிந்து கிடக்கிறது. விகிதத்தை வெளியே எடுத்துத் தனித் தரவாக வைத்து, எந்த மட்டத்தில் முடிவெடுக்கிறோமோ அந்த மட்டத்தோடு பங்கீட்டை நிறுத்திக்கொண்டால் வேகமும் வரும், நம்பிக்கையும் வரும். இந்த அத்தியாயம் முழுவதும் அதற்கான வேலைமுறைதான்.

உதாரணத்துக்குத் திருப்பூரில் ஒரே வளாகத்தில் நிட்டிங், சாயம், தையல் மூன்றையும் நடத்தும் பின்னலாடை நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொந்த பாய்லர், சொந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், ஓர் உயரழுத்த மின் இணைப்பு. இங்கே வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் தொழிற்சாலையின் எண்களைப் போட்டுக் கூடவே செய்துபாருங்கள்.

வாசலிலேயே சரிசெய்யுங்கள்

நம் ஊரில் பெரும்பாலும் தரவு டேலியிலிருந்துதான் வருகிறது. மாதங்கள் குறுக்கே, லெட்ஜர்கள் நெடுக. கண்ணுக்கு அழகான அமைப்பு. மென்பொருளுக்கு ஆகாத அமைப்பு. பட்ஜெட் மாடலுக்கு வேண்டியது நீளமான பட்டியல்: ஒரு வரிக்கு ஒரே ஒரு தொகை, அதற்கு முன்னால் நிறுவனம், பிரிவு, லெட்ஜர், மாதம், வெர்ஷன் என்ற அடையாளங்கள். எக்செலில் பவர் குவெரியைத் திறந்து, மாதப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து 'அன்பிவட்' கொடுத்தால் இந்த மாற்றம் ஒரே சொடுக்கில் நடந்துவிடும். அடுத்த மாதம் புதுக் கோப்பைப் போட்டு ரிஃப்ரெஷ் செய்தால் போதும். மாதாமாதம் கையால் வெட்டி ஒட்டுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டாலே இந்த அத்தியாயத்தில் பாதி அவர்களுக்குப் பயன்பட்டுவிட்டது.

ஏற்றும் முன் மூன்று இடங்களைக் கவனியுங்கள். டேலியிலிருந்து எக்செலுக்கு எடுத்த சில அறிக்கைகளில் தொகைக்குப் பக்கத்தில் டெபிட், கிரெடிட் என்று தெரியும். ஆனால் அந்த எழுத்து செல்லுக்குள் கிடையாது. நம்பர் ஃபார்மட்டில்தான் இருக்கிறது. அப்படியே ஏற்றினால் இரண்டும் ஒரே குறியோடு கூடிவிடும். டெபிட்டும் கிரெடிட்டும் தனித்தனிப் பத்தியாக வரும் டிரையல் பேலன்ஸை எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்வதே பாதுகாப்பான வழி. இரண்டாவது, மாத முடிவு டிரையல் பேலன்ஸில் இருப்பது ஏப்ரலிலிருந்து சேர்ந்துவந்த தொகை. ஆகஸ்ட் மாதச் செலவு வேண்டுமென்றால் ஆகஸ்ட் முடிவிலிருந்து ஜூலை முடிவைக் கழிக்க வேண்டும். வரவு செலவு லெட்ஜர்களுக்கு ஏப்ரலில் மட்டும் கழிக்க ஒன்றுமில்லை. மூன்றாவது, ஏப்ரல்தான் முதல் மாதம் என்பதை மென்பொருளின் காலண்டரில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு மாதிரியை அப்படியே எடுத்தால் ஜனவரியில் ஆண்டு தொடங்கி, 'இந்த ஆண்டில் இதுவரை' என்ற கூட்டுத்தொகைகள் அத்தனையும் தப்பாக வரும்.

அடுத்தது மேப்பிங் அட்டவணை. டேலியில் லெட்ஜர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். பட்ஜெட்டில் வரிகள் சில டஜன்தான். எந்த லெட்ஜர் எந்த பட்ஜெட் வரிக்குப் போகிறது என்பதைத் தனி அட்டவணையில் வையுங்கள், இஃப் சூத்திரங்களில் வேண்டாம். மின்கட்டணத்தை மட்டும் பாருங்கள். பழைய கம்பெனி ஒன்றின் லெட்ஜர் பட்டியலில் 'டி.என்.இ.பி.' இருக்கும். 2010இல் வாரியம் பிரிக்கப்பட்ட பிறகு திறந்த 'டான்ஜெட்கோ' இருக்கும். 2024இல் அதுவும் பிரிந்த பிறகு 'டி.என்.பி.டி.சி.எல்.' சேர்ந்திருக்கும். யாரோ ஒருவர் அவசரத்தில் திறந்த 'இ.பி. சார்ஜஸ்' வேறு. நான்கும் ஒரே செலவு. மேப்பிங் அட்டவணையில் நான்கு வரிகளும் 'மின்சாரம்' என்ற ஒரே இடத்தைக் காட்டினால் பிரச்சினை முடிந்தது. பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை டிரிம் செய்ய மறக்கவேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளி, ஒரே லெட்ஜரை இரண்டு லெட்ஜராக்கிவிடும்.

பவர் குவெரியில் இந்த அட்டவணையை மெர்ஜ் செய்யும்போது இன்னர் ஜாயின் வேண்டாம். மேப்பிங்கில் இல்லாத லெட்ஜரை அது சத்தமில்லாமல் விட்டுவிடும். லெஃப்ட் அவுட்டர் எடுத்து, பொருந்தாமல் வெறுமையாக நிற்கும் வரிகளுக்கு 'வகைப்படுத்தாதது' என்று பெயர் கொடுங்கள். அந்த வரியில் தொகை நின்றால் யாரோ புது லெட்ஜர் திறந்திருக்கிறார்கள் என்று உடனே தெரியும். எதிர்ப்பக்க ஆபத்தும் உண்டு: மேப்பிங் அட்டவணையில் ஒரு லெட்ஜர் இரண்டு முறை இருந்தால் அதன் தொகை இரட்டிப்பாகும். டி.எம்.1, எஸ்பேஸ் இரண்டும் தமக்குத் தெரியாத பெயர் வந்தால் அந்த வரியைத் தள்ளிவிட்டுப் பிழைப் பதிவில் எழுதிவைக்கும். பதிவைத் திறந்து பார்க்கிறவர்கள் குறைவு. ஆகவே சோதனையைக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்: டேலியின் மொத்தம், மாடலுக்குள் போன மொத்தம், வித்தியாசம். வித்தியாசம் பூஜ்யம் ஆகாமல் அடுத்த படிக்குப் போகக்கூடாது.

மின்கட்டணத்தை இரண்டாக உடையுங்கள்

உயரழுத்த இணைப்பின் பில்லில் இரண்டு செலவுகள் ஒட்டியிருக்கின்றன. கே.வி.ஏ. கணக்கில் வரும் டிமாண்ட் கட்டணம் ஒன்று. ஓடிய யூனிட்டுக்கான கட்டணம் இன்னொன்று. மாதத்துக்கு டிமாண்ட் 6 லட்சம், 3,00,000 யூனிட் 8 ரூபாய் வீதம் 24 லட்சம், மொத்தம் 30 லட்சம் என்று வைப்போம். சப்மீட்டர்ப்படி நிட்டிங் 80,000 யூனிட், சாயம் 1,40,000, தையல் 40,000, சுத்திகரிப்பு நிலையம் 40,000.

பலர் செய்வது, 30 லட்சத்தை 3,00,000 யூனிட்டால் வகுத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று பங்கிடுவது. தையலுக்கு 4 லட்சம். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது ஆர்டர் இல்லாமல் நிட்டிங் ஒரு மாதம் பாதி ஓட்டம் ஓடட்டும். யூனிட் 2,60,000 ஆகிறது, பில் 26.8 லட்சம், விகிதம் யூனிட்டுக்கு 10.31 ரூபாயாக ஏறுகிறது. தையல் பிரிவு ஒரு மெஷினைக்கூட அதிகமாக ஓட்டவில்லை, ஆனாலும் அதன் கணக்கில் 12,308 ரூபாய் கூடிவிட்டது. அந்தத் தலைவர் கூட்டத்தில் கோபப்பட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

இரண்டு குவியல்களாகப் பிரித்தால் இது நடக்காது. டிமாண்ட் கட்டணத்தை ஆண்டுத் தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட லோடுப்படி பங்கிடுங்கள்: நிட்டிங் 250 கே.வி.ஏ., சாயம் 450, தையல் 200, சுத்திகரிப்பு 100. ஆக முறையே 1.5, 2.7, 1.2, 0.6 லட்சம். யூனிட் கட்டணத்தை பட்ஜெட் விலையான 8 ரூபாயில், ஓடிய யூனிட்டுக்கு ஏற்ப. தையலுக்கு 1.2 லட்சமும் 3.2 லட்சமும் சேர்ந்து 4.4 லட்சம். நிட்டிங் பாதி ஓடினாலும் இந்த 4.4 லட்சம் அசையாது. நிட்டிங் பயன்படுத்தாமல் விட்ட டிமாண்ட் கட்டணம் நிட்டிங்கிலேயே நிற்கும். நிற்கவேண்டிய இடமும் அதுதான்.

முதல் முறையில் தையலுக்கு 4 லட்சம்தானே, இப்போது 4.4 ஆகிவிட்டதே என்று யாராவது கேட்பார்கள். தையல் பிரிவு பகலில் மட்டும் ஓடுகிறது, யூனிட் குறைவு. ஆனால் ஓடும் நேரத்தில் லோடை எடுத்துக்கொள்கிறது. அந்த லோடுக்கான விலையை யூனிட் கணக்கு மறைத்துக்கொண்டிருந்தது என்று சொல்லிவிடலாம்.

இந்த கே.வி.ஏ. எண்களையும் சப்மீட்டர் யூனிட்களையும் மாடலில் எங்கே வைப்பது? தனி அட்டவணையில். டி.எம்.1 என்றால் தனி கியூப், அனாபிளான் என்றால் தனி மாட்யூல், எக்செல் என்றால் தனி ஷீட். அதில் பிரிவு, மாதம், வெர்ஷன் மூன்றும் இருக்கவேண்டும். சூத்திரத்துக்குள் 0.45 என்று நேரடியாக எழுதிவிட்டால், அடுத்த ஆண்டு அதை எழுதியவர் வேலையை விட்டுப்போன பிறகு அந்த 0.45 எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளிருக்காது.

ஒன்றுக்கொன்று சேவை செய்யும் பிரிவுகள்

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதற்குப் பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவது அங்கே சாயத் தொழிலின் அடிப்படைச் செலவாகிவிட்டது. பங்கீட்டுக்கு இது ஒரு முடிச்சைக் கொண்டுவருகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் ஆவியாக்கி நீராவியில் ஓடுகிறது. நீராவி பாய்லரிலிருந்து வருகிறது. பாய்லருக்குள் போகும் தண்ணீரில் ஒரு பகுதி சுத்திகரிப்பு நிலையம் மீட்டுக் கொடுத்தது. பாய்லர் செலவு தெரிய சுத்திகரிப்புச் செலவு தெரியவேண்டும்; அது தெரிய இது தெரியவேண்டும்.

பாய்லரின் சொந்தச் செலவு 17 லட்சம். நீராவியில் 25 சதவீதம் சுத்திகரிப்புக்கு, 60 சாயத்துக்கு, 15 தையல் பிரிவின் அயர்னிங்குக்கு. சுத்திகரிப்பின் சொந்தச் செலவு, மேலே வந்த மின்சாரமும் சேர்த்து, 10 லட்சம். அதில் 20 சதவீதம் பாய்லருக்கு, 80 சாயத்துக்கு.

எளிய வழி படிப்படியாக இறக்குவது. முதலில் பாய்லரின் கணக்கை மூடுகிறோம்: சுத்திகரிப்புக்கு 4.25, சாயத்துக்கு 10.2, தையலுக்கு 2.55. பிறகு சுத்திகரிப்பில் சேர்ந்த 14.25 முழுவதும் சாயத்துக்கு. முடிவில் சாயம் 24.45, தையல் 2.55. சுத்திகரிப்பு பாய்லருக்குக் கொடுத்த தண்ணீர் இந்தக் கணக்கில் காணாமல் போய்விட்டது.

சரியான வழி இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்ப்பது. பாய்லரின் முழுச் செலவு என்பது 17ம், சுத்திகரிப்பின் முழுச் செலவில் ஐந்தில் ஒரு பங்கும். சுத்திகரிப்பின் முழுச் செலவு என்பது 10ம், பாய்லரின் முழுச் செலவில் நான்கில் ஒரு பங்கும். தீர்த்தால் பாய்லர் 20 லட்சம், சுத்திகரிப்பு 15 லட்சம். இதிலிருந்து சாயத்துக்கு 12ம் 12ம் ஆக 24, தையலுக்கு 3. மொத்தம் 27, நாம் தொடங்கிய 17ம் 10ம் அதேதான்.

இரண்டு முறைக்கும் தையலில் வித்தியாசம் மாதம் 45,000 ரூபாய். இதற்காக மெனக்கெட வேண்டுமா? எல்லாத் துணியும் ஒரே நிறுவனத்துக்குள்ளேயே சாயமாகித் தைக்கப்பட்டால், வேண்டியதில்லை. பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குத்தான் போகிறது. வெளியாருக்கு ஜாப் ஒர்க்காகச் சாயம் போட்டுக் கொடுத்து கிலோவுக்கு ரேட் சொல்கிறீர்கள் என்றால், கட்டாயம் வேண்டும். சாயத்தின் மேல் பொய்யாக ஏறிய 45,000 ரூபாய் உங்கள் ரேட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

மென்பொருளில் இதைச் செய்யும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எக்செலில் இது வட்டச் சுட்டலாகிறது. இட்டரேஷனை ஆன் செய்தால் விடை வரும். அதோடு, அந்தக் கோப்பில் வேறெங்கே வட்டம் விழுந்தாலும் எச்சரிக்கை வராது. அனாபிளான் வட்டச் சூத்திரத்தை ஏற்றுக்கொள்ளவே செய்யாது. வட்டத்தை மாடலுக்குள் கொண்டுவராமலே முடிக்க ஒரு வழி உண்டு: சமன்பாட்டை வெளியே ஒருமுறை தீர்த்து, இறுதி விகிதத்தை மட்டும் மாடலில் ஏற்றுவது. பாய்லரின் சொந்தச் செலவில் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போய்ச் சேர்கிறது? சாயத்துக்கு 84.21 பைசா, தையலுக்கு 15.79. சுத்திகரிப்பின் ஒவ்வொரு ரூபாயும்? சாயத்துக்கு 96.84 பைசா, தையலுக்கு 3.16. இந்த நான்கு எண்களே போதும். 17 லட்சத்தையும் 10 லட்சத்தையும் இவற்றால் பெருக்கினால் அதே 24ம் 3ம் வரும். சேவைப் பிரிவுகள் இரண்டுக்கு மேல் இருந்தால் எக்செலின் எம்.இன்வர்ஸ், எம்.மல்ட் சூத்திரங்கள் இதே வேலையைச் செய்யும். பிரிவுகளுக்கு இடையிலான சதவீதங்கள் மாறும்போது மட்டும் மறுபடி தீர்த்தால் போதும். செலவுத் தொகை எத்தனை முறை மாறினாலும் மாடல் செய்வது ஒரே ஒரு பெருக்கல்.

செலவுப் பதிவேடு வைத்திருக்கும் நிறுவனம் என்றால் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியச் செலவுக் கணக்காளர் நிறுவனத்தின் தரநிலைகளில் மின்சாரம், நீராவி போன்றவற்றுக்கென்றே 8ஆம் தரநிலை இருக்கிறது. பட்ஜெட்டில் ஓர் அடிப்படையும் செலவுப் பதிவேட்டில் இன்னொன்றுமாக வைத்தால், ஆண்டு முடிவில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது.

எதுவரை இறக்குவது

பொதுச் செலவை ஒவ்வொரு ஸ்டைல் வரைக்கும் இறக்கிவிடலாம் என்று தோன்றும். 600 ஸ்டைல், 12 மாதம், 30 செலவு வரி, 3 வெர்ஷன் என்றால் 6,48,000 செல்கள். ஒரு ஸ்டைல் உயிரோடு இருப்பது ஆண்டில் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் அந்த செல்கள் காலியாக இருக்கவேண்டியவை. டி.எம்.1, எஸ்பேஸ் போன்றவை வேகமாக ஓடுவதே காலி செல்களைத் தொடாமல் தாண்டிப் போவதால்தான். சமமாகப் பரப்பும் பங்கீடு காலி செல்கள் அத்தனையிலும் ஒரு சிறு தொகையைப் போட்டு நிரப்பிவிடும். டி.எம்.1இல் இதையே ரூல் எழுதிச் செய்தால், ஃபீடர்கள் (எந்த செல்லில் ரூல் எண் போடும் என்று குறித்துக்காட்டுபவை) தேவையில்லாத செல்களுக்கும் பாய்ந்து நினைவகத்தைத் தின்னும்.

என் தீர்ப்பு: பங்கீட்டைப் பிரிவோடு நிறுத்துங்கள். தையல் பிரிவின் மொத்தச் செலவை அதன் மொத்த சாம் நிமிடங்களால் (ஓர் ஆடையைத் தைக்க ஆகும் தர நேரம்) வகுத்து, நிமிடத்துக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே ஒரு விகிதம் எடுங்கள். ஸ்டைலின் செலவு வேண்டும்போது அதன் சாம் நிமிடத்தை இந்த விகிதத்தால் பெருக்குங்கள். பையருக்கு எஃப்.ஓ.பி. விலை சொல்ல அது போதும். அதேபோல நாற்பது லெட்ஜர்களைத் தனித்தனியாகப் பங்கிடாமல், ஒரே அடிப்படையில் போகும் லெட்ஜர்களை முதலில் ஒரே குவியலாகக் கூட்டிப் பிறகு பங்கிடுங்கள். விடை அதேதான், வேலை நாற்பதில் ஒன்று.

மாதங்களுக்குள் பரப்புவதிலும் ஒரு கண் வேண்டும். ஆண்டுத் தொகையைப் போன ஆண்டு மாதாந்தரப் போக்கில் பரப்பும் வசதி பல பட்ஜெட் மென்பொருள்களில் இருக்கிறது. போன ஆண்டு பூஜ்யமாக இருந்த வரிக்கு அந்த முறையில் ஒட்டிக்கொள்ள எதுவுமே இல்லை; அங்கே அடிப்படையை நீங்கள்தான் கொடுக்கவேண்டும். தீபாவளியை ஒட்டிக் கொடுக்கும் போனஸுக்கு அந்த முறையை நம்பவே கூடாது. தீபாவளி 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. 2023இன் போக்கை 2024க்கு அப்படியே நகலெடுத்தால் அக்டோபரில் வெளியேறும் பணம் பட்ஜெட்டில் நவம்பரில் நிற்கும். ரொக்க முன்கணிப்பை வைத்து வங்கியில் ஓ.டி. வரம்பு கேட்கிற நிறுவனத்துக்கு அது சின்னத் தப்பில்லை.

மறுபடி ஓட்டினாலும் அதே விடை

முன்கணிப்பு மாதாமாதம் திருத்தப்படும். பங்கீடும் மாதாமாதம் ஓடும். எத்தனை முறை ஓட்டினாலும் விடை ஒன்றாக இருக்கவேண்டும். அதற்கு, எழுதும் முன் எழுதப்போகும் பகுதியைத் துடைக்கவேண்டும். டி.எம்.1இன் டர்போஇன்டகிரேட்டரில் புரோலாக் பகுதியில் வியூஜீரோஅவுட் போட்டுத் துடைத்துவிட்டு, டேட்டா பகுதியில் எழுதுங்கள். செல்இன்கிரிமென்ட்என் பழைய தொகையோடு கூட்டும் கட்டளை. துடைக்காமல் இரண்டு முறை ஓட்டினால் செலவு இரண்டு மடங்கு.

மூலத் தொகையின் மேல் எழுதவே எழுதாதீர்கள். மின்கட்டணம் முதலில் பதிவாகும் பொதுப் பிரிவின் 30 லட்சம் அப்படியே இருக்கட்டும். அதன் கீழ் 'பங்கிட்டு அனுப்பியது' என்று கழித்தல் 30 லட்சம், ஒவ்வொரு பிரிவிலும் 'பங்காகப் பெற்றது' என்று கூட்டல். இந்த இரண்டு வரிகளும் நிறுவன மட்டத்தில் சேர்ந்து பூஜ்யம் ஆகவேண்டும். பூஜ்யம் ஆகவில்லையென்றால் எங்கோ ஒரு பிரிவுக்கு விகிதம் இல்லை, அல்லது விகிதங்கள் கூடி நூறு வரவில்லை. ரூபாயாக முழுமைப்படுத்துவதை அறிக்கையில் மட்டும் செய்யுங்கள். 10 லட்சத்தை மூன்றாகப் பிரித்து மாடலுக்குள்ளேயே முழுமைப்படுத்தினால் ஒரு ரூபாய் தொலையும். அறிக்கையிலும் கூட்டல் பொருந்தவேண்டுமென்றால் மிச்ச ரூபாயைப் பெரிய பங்கு வாங்கும் பிரிவில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் அதே பிரிவில்.

விகித அட்டவணை கணக்குப் பிரிவின் சொத்தாக மட்டும் இருந்தால் அது இரண்டு ஆண்டில் பழசாகிவிடும். கே.வி.ஏ.யும் சப்மீட்டரும் மின் பிரிவு ஃபோர்மேனுக்குத்தான் தெரியும். நீராவிப் பங்கு பாய்லர் பொறுப்பாளருக்கு. சாம் நிமிடம் இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் (ஐ.இ.) பிரிவுக்கு. மார்ச் முடிவதற்குள் அந்த ஒரு பக்க அட்டவணையை அச்செடுத்து, அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிரிவுத் தலைவர்களுக்கும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள்.